மனநோயும் நமது கடமையும்

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை நிறைவு செய்யுமிடத்து, மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என வகுத்தார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகே நின்று பேணுபவன் என்பன அந்நான்குமாம். முதல் மூன்றையும் எவரும் எளிதிற் கூறிவிடுவர். நான்காமவனையும் மருத்துவத்தின் ஓர் உறுப்பாகவே வைத்து எண்ணியதுதான் அப்பெருந்தகையின் நுண்மை. காய்ச்சலுக்கும் எலும்பு முறிவுக்கும் இவ்வகுப்பு எவ்வளவு பொருந்துமோ அதனினும் பன்மடங்கு மனநோய்க்குப் பொருந்தும். மனநோய்க்கு இன்று மருந்து உண்டு, மருத்துவரும் உளர், நான்காம் கூறாகிய நாமே குறைவுபட்டு நிற்கின்றோம். இதுவே யாம் இங்குச் சொல்லப் புகுந்த பொருள்.

யூபிலி மலர்களிலே கல்லூரியின் பெருமையைப் பேசுதல் மரபு. பரீட்சைச் சித்திகள், விளையாட்டு வெற்றிகள், உயர்பதவி எய்தியோர் ஆகியவற்றை நிரல்படுத்தி மகிழ்கின்றோம், அது தக்கதே. ஆயினும் நம் வகுப்புகளிலே நன்றாகப் படித்துவந்து, இடையிலே மனம் நோயுற்று, படிப்பையும் தோழரையும் விட்டு வீட்டின் உள்ளறையிலே ஒடுங்கிப்போனவர்களும் இக்கல்லூரியின் மாணவரே. அவர்தம் பெயரை அச்சிடல் வேண்டா. அவரை நினையாதிருத்தல் மட்டும் முறையன்று.

இஃது எங்கோ சிலருக்கு வரும் அரிய நோயுமன்று. 2019ஆம் ஆண்டில் உலக மக்களில் 8 பேருக்கு ஒருவர் ஏதோ ஒருவகை மனநலக் குறைவோடு வாழ்ந்தனர் என உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. மனநலக் குறைபாடுகளுள் ஏறத்தாழ அரைவாசி 14 வயதுக்குள்ளேயே தோன்றிவிடுகின்றன என்றும் அந்நிறுவனம் கூறுகின்றது. பதினான்கு வயதுப் பிள்ளை எங்கே இருக்கின்றான்? நம் வகுப்பறையிலே இருக்கின்றான். ஆதலின் இது வைத்தியசாலைக்கு மாத்திரம் உரிய பொருளன்று. கல்லூரிக்கும் உரிய பொருள்.

மனநோய் என்பது ஒன்றன்று, பல. காரணமின்றியோ சிறு காரணம்பற்றியோ வாரக்கணக்காக மனம் இருண்டு, உணவும் உறக்கமும் விருப்பும் குன்றிப்போவது மனச்சோர்வு நோய். நெஞ்சு படபடக்க, கை வியர்க்க, வராத ஆபத்து வந்துவிட்டதுபோல அஞ்சி நடுங்குவது பதகளிப்பு நோய். ஒருகால் மிதமிஞ்சிய எழுச்சியும் மற்றொருகால் மிதமிஞ்சிய சோர்வும் மாறி வருவது வேறொரு நோய். இல்லாத குரல்கள் காதிலே கேட்பதும், பிறர் தனக்குத் தீங்கு சூழ்கின்றனர் என்ற எண்ணம் அசையாது நிற்பதும் ஸ்கிசோபிரீனியா எனப்படும் நோயின் குறிகள். கிருமி புகுதலைப் போலத் தனியொரு காரணத்தை இவற்றுக்குக் காட்டல் இயலாது. மூளையின் இரசாயனச் செயற்பாடு, குடும்ப வழியாக வரும் இயல்பு, பேரிழப்பு, வறுமை, மது, கஞ்சா முதலியன ஆளுக்கு ஆள் வேறுபட்ட அளவிலே கூடி நோயை விளைக்கின்றன. முற்பிறவித் தீவினை என்றோ, மன உறுதியின்மை என்றோ, வளர்த்த தாயின் பிழை என்றோ சொல்லிவிடுதல் எளிது. நீரிழிவு நோயாளனை நோக்கி, "மனத்தைத் திடப்படுத்திக்கொள், சீனி இறங்கிவிடும்" என்று எவரும் சொல்வதில்லை. மனச்சோர்வு உற்றவனுக்கு மாத்திரம் அவ்வறிவுரையை நாள்தோறும் வழங்குகின்றோம்.

இனி மருந்தின் நிலையைப் பார்ப்போம். 1949இல் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜோன் கேட் என்னும் மருத்துவர், லிதியம் என்ற எளிய உப்பு மிதமிஞ்சிய மனவெழுச்சியைத் தணிக்கும் எனக் கண்டார். 1952இல் பாரிஸ் நகரத்துச் செந்தான் வைத்தியசாலையிலே டிலே, டெனிக்கர் என்ற இரு மருத்துவர் குளோர்புறோமசின் என்னும் மருந்தைக் கொடுத்து, பல்லாண்டு கட்டிவைக்கப்பட்டோரும் அமைதியுற்று உரையாடத் தொடங்கியதை உலகுக்கு அறிவித்தனர். அப்பத்தாண்டு முடியுமுன்னரே மனச்சோர்வுக்கும் மருந்துகள் வந்துவிட்டன. அவற்றின்பின் வந்த மருந்துகள் பல. மருந்தோடு, பயிற்சி பெற்றவர் நோயாளியுடன் முறையாக உரையாடி எண்ணப் போக்கைத் திருத்தும் சிகிச்சையும் வளர்ந்துள்ளது. மக்கள் மிக அஞ்சும் மின்னதிர்வுச் சிகிச்சையும் இக்காலத்திலே மயக்க மருந்து கொடுத்து, வலி தெரியாமல், மிகக் கடிய சோர்வு முதலிய சில நிலைகளுக்கே கொடுக்கப்படுகின்றது.

மருந்துபற்றி ஊரிலே உலவும் இரண்டு தப்பெண்ணங்களை இங்கே நீக்குதல் வேண்டும். முதலாவது, மனநோய் மருந்து உண்போர் அதற்கு அடிமையாவர் என்பது. அமைதியும் உறக்கமும் தரும் சில வகை மாத்திரைகள் நீண்டநாள் உட்கொண்டால் பழக்கமாதல் உண்மை. ஆயினும் மனச்சோர்வு, ஸ்கிசோபிரீனியா முதலியவற்றுக்குரிய மருந்துகள் அத்தகையன அல்ல. நடுக்கம், அயர்ச்சி, உடல் பருத்தல் முதலிய வேண்டாத விளைவுகள் சிலருக்கு வருதல் கூடும். அவற்றை வைத்தியருக்குச் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். இரண்டாவது, "சுகம் வந்துவிட்டது, இனி மருந்து எதற்கு?" என்பது. சோர்வுக்குரிய மருந்து பயன் தெரிவதற்கே சில வாரங்கள் செல்லும். குணம் தெரிந்தபின்னும் வைத்தியர் சொல்லும் காலம்வரை உட்கொள்ளல் வேண்டும். இடையிலே தாமாக நிறுத்தியதனால் நோய் திரும்பி வந்தோர் மிகப் பலர்.

மருத்துவர் நிலையோ முன்னை நாளினும் எத்தனையோ மடங்கு மேம்பட்டது. ஒருகாலத்திலே இலங்கையில் மனநோய்க்குப் புகலிடம் என்றால் 1920களில் எழுந்த அங்கொடை வைத்தியசாலையே. வடக்கிலிருந்து ஒருவரை ரெயிலேற்றி அங்கே கொண்டுசெல்வதென்பது ஏறத்தாழ ஊரினின்றும் நீக்குவதற்கு ஒப்பாயிருந்தது. இன்று அங்கொடை நிலையம் தேசிய மனநல நிறுவகம் என்னும் பெயரோடு விளங்குகின்றது. 2005ஆம் ஆண்டின் தேசிய மனநலக் கொள்கை, சிகிச்சையைத் தலைநகரிலே குவித்து வையாது மாவட்டந்தோறும் கொண்டுசெல்லுதலை நோக்கமாகக் கொண்டது. யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் இயங்குகின்றன. அரச வைத்தியசாலைகளிலே இச்சிகிச்சைக்குக் கட்டணமும் இல்லை.

மருந்து உண்டு, மருத்துவர் உளர், கட்டணம் இல்லை. பின்னர் ஏன் நோயாளி வருவதில்லை? வருபவரும் ஏன் ஆண்டுகள் கழித்து வருகின்றனர்?

யாம் அறிந்த மாணவன் ஒருவன் இருந்தான். கணிதத்திலே வல்லவன். உயர்தர வகுப்பிலே படிக்கும் நாளில் மெல்ல மெல்லத் தோழரை விட்டு ஒதுங்கினான், இரவிலே உறங்கான், எவரோ தன்னைப் பழித்துப் பேசுவது காதிலே விழுகின்றது என்றான். வீட்டார் நாவூறு என்று பார்வை பார்ப்பித்தனர், நூல் கட்டினர், செய்வினை என்று கழிப்புக் கழித்தனர், சாதகத்தை எடுத்துச் சென்று ஏழரைச் சனி என்று கேட்டுத் திரும்பினர். பிள்ளைக்கு "உடம்பு சரியில்லை" என்பதே அயலாருக்குச் சொல்லிய விடை. மூத்த சகோதரிக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. வைத்தியசாலை வாசலிலே எவரேனும் கண்டுவிட்டால் அந்தச் சம்பந்தம் முறிந்துவிடும் என்று தாய் அஞ்சினார். இவ்வாறு ஈராண்டு கழிந்தது, பரீட்சையும் கழிந்தது. ஈற்றில் உறவினராகிய ஒரு தாதியார் வற்புறுத்திக் கிளினிக்குக்கு அழைத்துச் சென்றார். சில மாதங்களில் அக்குரல்கள் அடங்கின. இன்று அவன் ஒரு கடையிலே கணக்கு எழுதுகின்றான். மாதம் தவறாது ஊசி ஏற்றிக்கொள்கின்றான். தாயையும் அவனே பார்க்கின்றான். அவன் இழந்த ஈராண்டு நோயினால் மட்டும் வந்த இழப்பன்று. மறைப்பினாலும் வந்த இழப்பு. நோய் தொடங்கியபின் சிகிச்சை எவ்வளவு பிந்துகின்றதோ அவ்வளவுக்குக் குணமாதலும் அரிதாகின்றது என்பது மருத்துவர் பலரும் ஒப்பிய உண்மை.

அத்தாயைக் குறைகூற எமக்கு மனம் வரவில்லை. அவர் அஞ்சியது நம்மை. சம்பந்தத்தை முறிக்கக் காத்திருந்த ஊரும் நாமே; படலையில் நின்று பேசிய வாயும் நமதே.

தமிழாசிரியர் என்ற முறையில் நம் சொற்களைப்பற்றியும் ஒரு வார்த்தை சொல்லக் கடவோம். பித்து என்ற பழஞ்சொல் வாதம், பித்தம், சிலேற்பனம் என்னும் மூன்றனுள் ஒன்றின் பெயரோடு தொடர்புடையது. நம் முன்னோர் மனத்தின் பிறழ்ச்சியையும் உடம்பிலே தோன்றும் நோயாகவே எண்ணினர் என்பதற்கு அச்சொல்லே சான்று. சுந்தரமூர்த்தி நாயனார் திருவெண்ணெய்நல்லூரிலே இறைவனைப் பித்தன் என்று அழைத்துப் பாடினார், இறைவன் முனிந்தானல்லன், அதனையே தனக்குரிய பெயராக ஏற்றுக்கொண்டான். அத்தகைய சொல்வளம் வாய்ந்த நாம் இன்று செய்வது யாது? விசரன் என்கின்றோம், மறை கழன்றவன் என்கின்றோம், ஓர் ஊரின் பெயராகிய அங்கொடை என்பதையே வசைமொழியாக்கிவிட்டோம். விளையாட்டாகத்தானே சொல்லுகின்றோம் எனலாம். வகுப்பறையின் பின்வாங்கிலே இருக்கும் ஒரு பிள்ளை, தன் மனத்திலே ஏதோ மாறுகின்றது என்று அஞ்சியிருக்கும் வேளையிலே, ஆசிரியர் வேறொருவனை நோக்கி "உனக்கென்ன விசரா?" என்று வினவ, வகுப்பு முழுவதும் சிரிப்பதைக் கேட்கின்றான். அதன்பின் அவன் எவரிடம் வாய் திறப்பான்?

கோயிலுக்குப் போதலை யாம் விலக்குகின்றோமல்லோம். வழிபாடும் விரதமும் தேவாரமும் துயருற்ற மனத்துக்கு ஆறுதல் தருதல் கண்கூடு. தாய் நேர்ந்த நேர்த்தியைத் தாய் நிறைவேற்றட்டும். விபூதி நெற்றியிலே இருக்கட்டும். மாத்திரை வாயினுள்ளே செல்லட்டும். ஒன்றுக்கு மற்றொன்று பகையன்று. பகையாவது, வைத்தியரிடம் போகவேண்டாம் எனத் தடுத்துப் பணம் பறிக்கும் மந்திரவாதமும், நோயாளியை அடித்தும் கட்டியும் வருத்தும் கொடுமையுமேயாம். அக்கடல் கடந்தால் இராமநாதபுர மாவட்டத்து ஏர்வாடி. 2001ஆம் ஆண்டு ஆகஸ்து 6ஆம் நாள் அங்கே ஒரு காப்பகத்திலே தீப்பற்றியபோது, சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தமையால் ஓடித் தப்ப இயலாது 28 மனநோயாளர் மாண்டனர். பெற்றோரும் உடன்பிறந்தோரும் குணம் வேண்டிக் கொண்டுவந்து விட்டவர்களே அவர்கள். நமது தீவிலே அத்தகைய இடம் இல்லையென்று ஆறுதல் கொள்ளுமுன், பூட்டிய உள்ளறை எத்தனை வீடுகளில் உண்டென்பதை எண்ணிப் பார்த்தல் நன்று.

அருகே நின்று பேணுபவரின் வலிமை எத்துணைத்து என்பதற்கு ஆராய்ச்சியும் சான்று பகர்கின்றது. இலண்டனிலே ஜோர்ஜ் பிறவுண் என்பவரும் அவருடன் உழைத்தோரும், வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பிய ஸ்கிசோபிரீனியா நோயாளரைத் தொடர்ந்து நோக்கி 1972இல் முடிபுகளை வெளியிட்டனர். குற்றங்கூறலும் பகைமையும் மிதமிஞ்சிய தலையீடும் மலிந்த வீடுகளுக்குத் திரும்பியவருள் நூற்றுக்கு 58 பேருக்கு ஒன்பது மாதங்களுள் நோய் மீண்டும் வந்தது. அவை குறைந்த வீடுகளுக்குத் திரும்பியவருள் நூற்றுக்கு 16 பேருக்கே வந்தது. மருந்தைப் போலவே, வீட்டிலே பேசும் சொல்லும் குணத்தோடு தொடர்புடையது என்பது இதனாற் பெறப்படும். நான்சி வாக்ஸ்லர் என்ற ஆராய்ச்சியாளர் நமது இலங்கையிலேயே இத்தகைய நோயாளரை ஐந்தாண்டுகளின்பின் ஆராய்ந்து 1979இல் வெளியிட்ட கட்டுரையும் கருதத்தக்கது. இங்கே பலர் நன்கு குணமடைந்தமையைக் கண்ட அவர், குடும்பமும் ஊரும் நோயாளியை நிரந்தர நோயாளி என முத்திரை குத்தாது, பழைய வேலைக்கும் பழைய இடத்துக்கும் திரும்ப ஏற்றுக்கொண்டதை அதற்கு ஒரு காரணமாகக் காட்டினார். அப்பண்பு நமக்கு முதுசொம். முதுசொத்தை இழத்தலும் காத்தலும் நம் கையிலேயே உள்ளன.

நம் மண்ணுக்குச் சிறப்பாக வாய்த்த துயரத்தையும் மறத்தலாகாது. மூன்று தசாப்த காலப் போர், இடப்பெயர்வு, காணாமற்போனோரைத் தேடும் காத்திருப்பு, 2004ஆம் ஆண்டு மார்கழிக் கடற்கோள் ஆகியன நம் மக்கள் மனத்திலே விட்டுச்சென்ற வடு ஆழமானது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து உளமருத்துவப் பேராசிரியராக விளங்கிய தயா சோமசுந்தரம் போர்க்காலத்திலேயே இங்கிருந்து இவ்வடுவை ஆராய்ந்து நூல்கள் எழுதினார். அவ்வாறு தாங்கியவர்களிற் பலர் இன்று முதியோர். பிள்ளைகள் கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்க, பெரிய வீட்டிலே தனித்திருக்கும் தந்தையார் பேச்சுக் குறைந்து உணவு மறுப்பாராயின், "வயது போனால் அப்படித்தான்" என்று விடுதல் பிழை. முதுமையிலும் மனச்சோர்வு நோயே; அதற்கும் பரிகாரம் உண்டு.

சாவைப்பற்றியும் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். நமது நாட்டிலே தற்கொலை முயற்சி 1998ஆம் ஆண்டு வரை தண்டனைக்குரிய குற்றமாயிருந்தது. அவ்வாண்டு சட்டம் திருத்தப்பட்டது. சட்டம் மாறியும் நம் நாக்கு மாறவில்லை. உயிர்தப்பியவனை இன்னும் குற்றவாளியைப் போல நோக்குகின்றோம். ஒருவன் வாழ்வு வெறுத்துவிட்டதெனச் சொன்னால், "இப்படிப் பேசாதே" என்று வாயடைத்தல் உதவியன்று. சாகும் எண்ணம் உண்டா என்று அன்போடும் நேராகவும் கேட்டல் வேண்டும். கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாக முளைப்பதில்லை. மறைத்துவைத்த சுமையை இறக்கிவைக்க ஓர் இடம் கிடைக்கின்றது. கேட்டபின் தனியே விடாது உடனிருந்து வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லல் வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்துக்கு எவரும் பேசலாம்.

இனி நாம் செய்யத்தக்கன எவை?

மாணவர்களே, உங்கள் தோழன் ஒருவன் சில வாரங்களாக மாறிவிட்டான் என்று முதலில் அறிபவர் நீங்களே. பெற்றோரும் அல்லர், ஆசிரியரும் அல்லர். அவனை நகையாது அவனருகே சென்று இருங்கள். நம்பத்தக்க ஓர் ஆசிரியருக்குச் சொல்லுங்கள். நண்பன் சாவைப்பற்றிப் பேசினான் எனின் அந்த இரகசியத்தைக் காத்தல் நட்பன்று. அவனைப் பார்த்துக்கொள்ளத்தக்க பெரியவரிடம் சொல்லுதலே நட்பு.

உடனாசிரியர்களே, திடீரெனப் புள்ளி குறைந்த பிள்ளையைச் சோம்பேறி என்னுமுன் ஒருமுறை தனியே அழைத்து, "தம்பி, நித்திரை கொள்கிறாயா? சாப்பிடுகிறாயா?" என்று கேட்போமாக. பிரம்பும் ஏச்சும் நோயைத் தீர்த்ததாக எந்நூலும் கூறவில்லை. நோயிலிருந்து திரும்பி வரும் மாணவனுக்கு ஒருவாரத்துள் முழுப் பாடத்தையும் சுமத்தாது, சிறிது சிறிதாக ஏற்றுவதே முறை.

பழைய மாணவர்களே, மண்டபமும் மதிலும் மைதானமும் அமைக்க நீங்கள் வாரி வழங்குவதை நாடறியும். அவற்றோடு இன்னும் சிலவற்றை இந்த யூபிலி ஆண்டிலே வேண்டுகின்றோம். வழிகாட்டல் ஆலோசனைக்குப் பொறுப்பான ஆசிரியருக்கு, பிறர் காதில் விழாது மாணவன் பேசத்தக்க ஒரு சிறு அறையும், அதற்கென ஒழிந்த நேரமும், தக்க பயிற்சியும் கிடைக்கச் செய்க. ஆண்டுக்கு ஒருமுறையேனும் உளமருத்துவர் ஒருவரை அழைத்துப் பெற்றோர் முன்னிலையிலே பேசச் செய்க. சிகிச்சை இலவசமாயினும் கிளினிக்குக்குப் போகும் பஸ் காசும், அன்றைக்கு இழக்கும் கூலியும் வறிய வீட்டுக்குப் பெரும் பாரம். அதற்கென ஒரு சிறு நிதி வைக்க. கடையும் தொழிற்சாலையும் அலுவலகமும் உடையோர், குணமடைந்து வருபவன் ஒருவனுக்கு அவனாலியன்ற வேலை கொடுக்க; மாதம் ஒருநாள் கிளினிக்குக்குப் போக விடுமுறையும் கொடுக்க. உங்கள் வகுப்புத் தோழர் எவரேனும் சங்கக் கூட்டங்களுக்கு வராது நின்றுவிட்டாராயின், அவர் வீட்டுப் படலையைத் தட்டி ஒருமுறை பார்த்துவருக. பணம் செலவில்லாத உதவி இது. ஆயினும் பலரும் செய்யாத உதவி.

பேணுபவர்களுக்கும் ஒரு சொல். நோயாளியைப் பார்க்கும் தாயும் மனைவியும் களைத்துப்போகின்றனர். அவர்களுக்கு அரைநாள் ஓய்வு கொடுத்து, அந்நேரம் நோயாளியோடு இருந்து பேசிக்கொண்டிருக்க ஓர் உறவினர் வந்தாரெனின், அதுவும் மருத்துவத்தின் ஒரு பகுதியே. எல்லா நோயும் முற்றாக நீங்கும் என்று யாம் சொல்லவில்லை. சிலர்க்கு நீரிழிவைப் போல நெடுநாள் உடனிருக்கும். ஆயினும் நோயோடும் தொழில் செய்யலாம், மணம் புரியலாம், பிள்ளைகளை வளர்க்கலாம். அவ்வாறு வாழ்வோர் நம்மிடையே பலர். நாம் அறியாதிருப்பதற்குக் காரணம் அவர்கள் சொல்லத் துணியாமையே.

மருத்துவர் தம் பங்கைச் செய்கின்றனர். மருந்தும் தன் பங்கைச் செய்கின்றது. நோயாளி துணிந்து வெளியே வருவதற்கு வேண்டிய நம்பிக்கையை அளிக்க வேண்டியவர் நாம். நம் கல்லூரி தன் பிள்ளைகளுக்குக் கல்வியோடு சைவத்தையும் ஊட்ட எழுந்தது. சைவத்தின் சாரம் உயிர்களிடத்து அன்பு. அவ்வன்பு உடம்பு நொந்தவனுக்கு உண்டு, மனம் நொந்தவனுக்கு இல்லை என்னும் பாகுபாடு எந்நூலிலும் இல்லை. இந்த யூபிலி ஆண்டு முடியுமுன் நம்மில் ஒவ்வொருவரும் அடைபட்ட ஒரு கதவையேனும் தட்டுவோமாயின், அதுவே இவ்விழாவுக்கு நிறைவாகும்.